களவெட்டியில் இல்லாத ஒரு சொல்

ஒரு நாளைக்கு ஐந்து புதுச்சொல். வருடத்துக்கு ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து. மூன்று வருடம் போனால் கிளிநொச்சியில் என்னோடு நின்று கதைக்க ஒருவராலும் முடியாது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பன்று நான் எடுத்த தீர்மானம் இது. மூன்று வருடம் தேவைப்படவில்லை. மூன்று மாதத்திலேயே என்னைக் கண்டவர்கள் வாய்க்காலின் மற்றக் கரையால் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பருத்தித்துறைப் பக்கம் இருந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவன். மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, மண்சுவர் வைத்த ஒரு வீடு. வாத்தியார் இல்லை, அகராதி இல்லை. இருந்தது ஒரு வாரப் பத்திரிகை. இந்தியாவில் அச்சாகி, வெள்ளிக்கிழமை ரயிலில் கிளிநொச்சியில் வந்து இறங்கும். அதில் ராசாக்கள் காலத்துத் தொடர்கதை ஒன்று போய்க்கொண்டிருந்தது. வாகைக்கோட்டை என்று ஒரு கோட்டை. அதற்கு ஒரு ராணி. அந்த ராணியின் யானைகளுக்கு ஆசைப்பட்ட ஒரு சிற்றரசன்.

ஒவ்வொரு வாரமும் அதை வாசித்து, தெரியாத சொற்களைக் கொப்பியில் எழுதுவேன். பொருளை யாரிடம் கேட்பது? கதையில் வருகிற ஆள் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். ஏறி ஓடினால் புரவி. இழுத்து மூடினால் சாளரம். விழுந்து மூழ்கினால் அகழி. இப்படித்தான் நான் தமிழ் படித்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சிரித்தவள் என் மனைவி சிவனேஸ்வரி. அவள் மாங்குளத்தில் இறங்கி நாலு மைல் உள்ளே போகும் பழைய ஊர்க்காரி. அவளுடைய பாட்டன், பூட்டன் எல்லாரும் அதே குளத்தின் கீழ் நெல் விதைத்தவர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், ஆனால் கண்ணுக்குள் எழுத்து ஓடுகிறது என்று வைத்துவிடுவாள்.

கற்ற சொல்லை வீட்டில் பாவிக்காமல் வேறு எங்கே பாவிப்பது?

"சிவனேசு, மடைப்பள்ளியில் என்ன நடக்குது?"

"குசினியில கத்தரிக்காய் அவியுது."

"சாளரத்தை மூடு. தூவானம் அடிக்குது."

"அந்த ஓட்டைக்கு முதல்ல ஒரு பலகை அடிச்சுத் தாங்கோ. பிறகு மூடுறன்."

சுவரில் இருந்தது ஓட்டைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருளுக்கு நல்ல பெயர் வைத்தால்தானே அது நல்ல பொருளாக வளரும். இதைச் சொன்னால், "அப்ப உங்களை என்னெண்டு கூப்பிடுறது?" என்று கேட்பாள்.

எங்கள் வீட்டில் ஒரு நாகு நின்றது. சிவனேஸ்வரியின் தகப்பன் சீதனமாகத் தந்த கறவைப் பசுவின் கன்று, இன்னும் கன்று போடாத இளம் மாடு. சிவப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அவளே அவிழ்த்துக்கொண்டு போய் மேய்த்து, அவளே கட்டுவாள். நீங்களும் ஒரு நேரம் மேய்க்கலாமே என்று அடிக்கடி கேட்பாள். படிக்கிற மனிதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் நடப்பதா? நான் மறுத்துவிட்டேன்.

அந்தக் கோபமோ என்னவோ, நாற்பத்தோராம் அத்தியாயத்தை நாகு தின்றுவிட்டது.

பொய் சொல்லவில்லை. முன்பு எழுதாமல் விட்ட சொற்களைத் தேடி எடுக்க, கத்தரித்து வைத்த பழைய தாள்களைக் கதிரையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது நாகு வாசலுக்குள் தலையை விட்டு, வாகைக்கோட்டையின் வடக்கு வாசலை மென்றுகொண்டு நின்றது. அந்த ஒரு அத்தியாயத்தில் பதினேழு புதுச்சொல் இருந்தது. ஒன்றையும் நான் எழுதி முடிக்கவில்லை. சிவனேஸ்வரி ஓடி வந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, நாகின் வாயைப் பார்த்தாள்.

"மை நஞ்சோ தெரியேல்லை. பாவம், வாயில்லாச் சீவன்."

வாயில்லாத சீவன் எப்படித் தின்றது என்று கேட்டேன். அவள் முந்தானையால் நாகின் வாயைத் துடைத்தாள்.

தின்ற அத்தியாயத்தை எங்கே தேடுவது? ஸ்டேசன் கிளாக்கர் கனகலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரியும் அதே கதையை வாசிக்கிறா என்று கேள்விப்பட்டுப் போனேன். அவாவிடம் கதை துண்டுதுண்டாகத்தான் இருந்தது. இரவல் வாங்கிய சனம் திருப்பிக் கொடுக்கவில்லை. நல்லகாலமாக நாற்பத்தொன்று இருந்தது. அவர்களுடைய விறாந்தையில் இருந்து இரண்டு பின்னேரம் அதைப் பார்த்து எழுதினேன்.

எழுதும்போது நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஒரு அலுமாரி. முதிரைப் பலகை. இரண்டு கதவிலும் கண்ணாடி. உள்ளே ஐந்து தட்டு. என் தொண்ணூறு அத்தியாயமும், மூன்று கொப்பியும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்பதை நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். கறையான் ஏறாது. மாடு தலை விடாது. வீட்டுக்கு வருகிறவன் வாசலிலேயே நின்று மரியாதை கொடுப்பான்.

கனகலிங்கத்துக்கு அந்த மாசியோடு பென்சன். சாமான்களை லொறியில் ஏற்றிச் சாவகச்சேரிக்குப் போகிறார். லொறி ஆட்டத்தில் அலுமாரிக் கண்ணாடி உடைந்துபோகும் என்று அவருக்குப் பயம். அதோடு ஊரில் அவருடைய தாயாருக்குப் பாலுக்கு ஒரு மாடு வேண்டும்.

"லொறியில நாகு உடையாது," என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். மாசிக் கடைசி வெள்ளி, பகல் லொறி புறப்படும். அதற்கு முதல் நாகைக் கொண்டுவந்து கட்டினால் அலுமாரியை ஏற்றிக்கொண்டு போகலாம். கைகொடுத்துப் பேசி முடித்தோம்.

வீட்டில் சொன்னேன். சிவனேஸ்வரி சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்பு தந்த மாட்டின்ர கண்டு அது."

"இந்தக் கதை பத்து மாட்டுக்குச் சமம்."

"உங்கட சொல்லை வைச்சு ஒரு கோப்பை தேத்தண்ணி போடலாமோ?"

"சொல்லின் பெறுமதி மாட்டுப்பட்டிக்காரருக்கு விளங்காது," என்றேன். கோபத்தில் வந்த சொல். சொன்ன பிறகு எனக்கே பிழை என்று பட்டது. ஆனால் புருசன் என்று ஒரு பதவியில் இருக்கிறவன் உடனே திரும்ப முடியாது.

அவள் கத்தவில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். சுளகை எடுத்து இரண்டு தரம் புடைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்கள் படிச்சது ராசாவோட கதைக்கிற தமிழ். ராசா செத்துப்போனான். எங்கட ஊரில களவெட்டித் தமிழ் எண்டு ஒண்டு இருக்கு. அது இன்னும் சாகேல்லை. வாற கிழமை அண்ணை சூடு மிதிக்கிறார். தொடக்கத்தில போய் நிண்டு, கடைசிச் சூடு வரைக்கும், ஒரு வீட்டுச் சொல்லும் வாயில வராமல் கதைச்சுக் காட்டுங்கோ. காட்டினால் நாகை நானே அவிட்டுத் தாறன்."

விளக்கமாகச் சொல்ல வேண்டும். அவள் ஊரில் நெல் அறுத்து, சூடு என்று குவித்து வைத்து, களவெட்டியில் பரப்பி மாடு விட்டு மிதிப்பார்கள். அந்த வட்டத்துக்குள் நிற்கும்போது வீட்டில் கதைக்கிறமாதிரிக் கதைக்கக் கூடாது. சுற்றிவரப் பூதங்கள் நின்று காது கொடுக்குமாம். குறைச்சலான சொல் ஒன்று காதில் விழுந்தால், நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். அதனால் களத்துக்கென்று தனிச் சொற்கள். நெல்லைப் பொலி என்பார்கள். கடகத்தைப் பெருவாயன், மரக்காலைக் கணக்கன், மாட்டை வாரிக்காலன். தண்ணீர் என்று கேட்கக் கூடாது, வெள்ளம் என்று கேட்க வேண்டும். தவறிச் சொன்னவனைக் களத்துக்கு வெளியே இருத்திவிடுவார்கள். கடைசிவரை அவன் வைக்கோல்தான் பார்க்கலாம். பெண்கள் களத்துக்குள் போவதில்லை. ஆனால் வீட்டில் இருந்து கேட்டுக் கேட்டு எல்லாச் சொல்லும் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆயிரக்கணக்கில் சொல் படித்தவனுக்கு இந்த முப்பது, நாற்பது சொல் ஒரு பரீட்சையா? சரி என்றேன். சொல்லித் தா என்றேன்.

சும்மா சொல்லித் தரமாட்டாளாம். ஒரு சொல்லுக்கு இரண்டு அத்தியாயம் வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். இரண்டு வருடமாகக் காது கொடுக்காதவள் கடைசியில் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். குசினி வாசலில் கதிரையைப் போட்டு வாசித்தேன். அவள் அரிசி கொழித்தாள், மிளகாய் இடித்தாள், இடையிடையே ஒரு சொல் தந்தாள். நேர்மையாகத் தந்தாள். ஒரு சொல்லையும் பிழையாகச் சொல்லித் தரவில்லை. அதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளுகிறேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"இல்லை எண்டு சொல்லக் கூடாது. காணும், போதும் எண்டு சொல்லக் கூடாது. முடிஞ்சுது, குறைஞ்சுது, மிச்சம் எவ்வளவு, ஒண்டும் வாயில வரக் கூடாது."

"அப்ப ஒரு வேலை முடிஞ்சால் என்ன சொல்லுறது?"

"பொலி பெருகியிருக்கு எண்டு சொல்லுங்கோ."

எழுதிக்கொண்டேன்.

எழுபத்தெட்டாம் அத்தியாயம் வந்தது. சிற்றரசன் படையோடு வந்து ராணியின் யானைகளைக் கேட்கிறான். ராணி சண்டைக்குப் போகவில்லை. பூரணகும்பம் வைத்து, பரிவாரங்களோடு எதிர்கொண்டு அழைக்கிறாள். நாளைக்குக் கோயில் கொடியேற்றம், நீங்கள்தான் முன்நிற்க வேண்டும் என்று அவன் கையில் காப்பைக் கட்டிவிடுகிறாள். காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்ட முடியாது. அவன் மாலையும் கழுத்துமாகக் கோயிலில் நிற்க, யானைகள் எல்லாம் ஆற்றைக் கடந்து போய்விடுகின்றன.

சிவனேஸ்வரி உலக்கையை நிறுத்தினாள்.

"அப்ப அந்த மனிசன் நான் போறன் எண்டு சொல்லேலாதோ?"

"சொல்லேலாது. மரியாதை தடுக்குது. சரி, இப்ப இதில எத்தனை புதுச்சொல் வந்தது, கேள். பூரணகும்பம், பரிவாரம், எதிர்கொள்ளல்…"

"ம்," என்றாள். மறுபடி இடித்தாள்.

நான் ஆறு சொல் எழுதினேன். அவள் ஒன்றும் எழுதவில்லை.

மாசிக் கடைசிச் செவ்வாய் காலை, மச்சான் வீரகத்தியின் களவெட்டியில் கால் வைத்தேன். எங்கள் குடியேற்றத்தில் சூடு மிதிப்பு ஒரு நாள் வேலை. புதன் திரும்பி, வியாழன் நாகைக் கழுவி, வெள்ளி காலை கிளாக்கர் வீட்டு வாசலில் கட்டுவேன். கணக்கு அவ்வளவு துல்லியம்.

வீரகத்தி மச்சான் என்னை எதிர்கொண்ட விதமே புதுமையாக இருந்தது. வேறு நாளில் "வாங்கோ" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போகிற மனிதர், அன்றைக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார். களத்து நடுவில், அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முதல் கதிர்க்கட்டை என் கையால் போடச் சொன்னார். புத்தி உள்ளவன் அந்த இடத்தில் யோசித்திருப்பான். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன்.

அன்று முழுவதும் என் வாயில் ஒரு பிழை வரவில்லை. பெருவாயனை எடு என்றேன். கணக்கனைத் தா என்றேன். விடாய்த்தபோது வெள்ளம் கேட்டேன். வாரிக்காலன் என் காலை மிதித்தது. அப்போதும் வீட்டுச் சொல் வரவில்லை, கண்ணீர் மட்டும் வந்தது. ஊர்க்காரர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"யாழ்ப்பாணத்தான் ஒருத்தன்ர வாயில எங்கட களம் இப்பிடி வரும் எண்டு நான் நினைக்கேல்லை," என்றார் மச்சான்.

பின்னேரம் பொலியைக் குவித்து, வைக்கோலை ஒதுக்கினார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்து நிமிர்ந்தேன். களத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு சூடு நின்றது, ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு. காலையில் கண்டதுதான். அயல் வயல்காரருடையது என்று நினைத்திருந்தேன்.

புதன் காலை மாடுகளை இரண்டாவது சூட்டின் பக்கம் திருப்பினார்கள். எனக்குத் தலைப்பாகையை மறுபடி கட்டிவிட்டார்கள்.

கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன கேட்பது? எப்போது முடியும் என்று கேட்கக் கூடாது. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்கக் கூடாது. எனக்குக் காணும் என்று சொல்லக் கூடாது. இது என் வேலை இல்லை என்று சொல்லக் கூடாது. போறன் என்றால் பொலியும் போய்விடும். கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்த நாற்பத்திரண்டு சொல்லையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் வருகிற சொல், நிறைகிற சொல், பெருகுகிற சொல். களத்தை விட்டுப் போவதற்கு ஒரு சொல் கிடையாது.

சரி, நாங்கள் வீட்டில் இருந்து புறப்படும்போது வாறன் என்றுதானே சொல்லுவோம் என்று யோசித்தேன்.

"மச்சான், நான் வாறன்."

"வாங்கோ, வாங்கோ," என்று கையைப் பிடித்து இன்னும் நடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சொல்லாமல் நழுவினால் என்ன என்று பார்த்தேன். நழுவினால் பந்தயத்தில் தோற்றுவிடுவேன், நாகு கைக்கு வராது. நின்றால் வெள்ளி போய்விடும், அலுமாரி போய்விடும்.

வியாழன் காலை எனக்கு ஒரு வெளிச்சம் பட்டது. கூடாத சொல் எல்லாம் வீட்டுச் சொல். நான் படித்தது ராசாத் தமிழ். பூதங்கள் அந்த வாரப் பத்திரிகை எடுப்பதில்லை. அவற்றுக்கு விளங்காத சொல்லில் விடை கேட்டால் களத்துக்கும் குறைவில்லை, எனக்கும் குறைவில்லை. இரண்டு வருடம் படித்த படிப்புக்குக் கடைசியில் ஒரு பலன். மூன்றாவது சூட்டைப் பரப்ப முதல், நடுக்களத்தில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, சிற்றரசன் சபையில் நின்று சொன்ன மாதிரியே சொன்னேன்.

"மைத்துனரே, அடியேன் விடைபெறுகிறேன்."

கதிர் அள்ளியவர்கள் நின்றார்கள். மாடுகளும் நின்றன. வீரகத்தி மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"கேட்டியளோடா? என்ன வடிவான சொல். மச்சான், இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். வேறு என்ன செய்வது?

"எல்லாரும் சொல்லுங்கோடா. பெறுகிறேன் எண்டு வருகுது, இதைவிட ஒரு களத்துக்கு என்ன வேணும்?"

பன்னிரண்டு ஆம்பிளைகளும் ஒரே குரலில் விடைபெறுகிறேன் என்று கூவிக்கொண்டு மாட்டை வளைத்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் சொன்னார்கள். விடைபெறுகிறேன் என்று சொல்லிச் சொல்லி ஒருவனும் களத்தை விட்டு அசையவில்லை. அந்தச் சூட்டில் பொலி வழமையை விடக் கூட விழுந்ததாம். அது என் வாய்ராசியாம். அதனால் அந்த இடத்தை விட்டு என்னை ஒரு அடி நகரவிடவில்லை. சாப்பாட்டைக்கூடக் களத்துக்கே கொண்டுவந்து தந்தார்கள்.

வெள்ளி முற்பகல். கொழும்பில் இருந்து வந்த ரயில் மாங்குளத்துப் பக்கம் கூவியது. என்னுடைய கடைசி அத்தியாயம் அதற்குள் போகிறது. கிளாக்கருடைய லொறி கிளிநொச்சியில் நிற்கிறது. நான் தலைப்பாகையோடு நின்றேன்.

அன்று பொழுதுபடத்தான் கடைசிக் கதிரும் மிதிபட்டது. மச்சான் ஒரு சாக்குப் புது நெல்லை எனக்கென்று கட்டிவைத்தார். சனிக்கிழமை காலை மாங்குளம்வரை தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். களத்துக்கு வெளியே வந்துவிட்டபடியால் வீட்டுத் தமிழில் மனம் திறந்து கதைத்தார்.

"மஹ்றூப் நானா வந்து சொல்லேக்கை நான் நம்பேல்லை மச்சான். உங்களுக்குக் களம் எண்டால் உயிராம். நல்ல மரியாதையா நடுவில வைச்சிருக்கட்டாம். கடைசிச் சூடு வரைக்கும் விடவேண்டாமாம். தங்கச்சி சொல்லி அனுப்பினவள்."

மஹ்றூப் நானா வண்டியில் புடைவை கொண்டு ஊர் ஊராகப் போகிற வியாபாரி. எங்கள் வாய்க்கால் தெருவுக்கும் வருவார், வீரகத்தி மச்சான் ஊருக்கும் போவார்.

தலைப்பாகை. நடுக்களம். முதல் மரியாதை. எழுபத்தெட்டாம் அத்தியாயம், இரண்டாம் பக்கம். நானே வாசித்தேன். குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நாகு வேலியடியில் நின்று அசைபோட்டது. சிவனேஸ்வரி வாசலுக்கு வந்தாள். நான் வாயைத் திறக்க முதல் அவளே சொன்னாள்.

"ஒரு பிழையும் விடேல்லையாம். மூண்டு சூடும் நிண்டு காட்டினனீங்களாம். நீங்கள்தான் வெண்டனீங்கள்."

நாகை அவிழ்த்தாள். கயிற்றை என் கையில் தந்தாள்.

"கொண்டு போங்கோ."

"எங்க கொண்டு போறது? லொறி நேற்றே போட்டுது."

"அது எனக்குத் தெரியாது. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டன்."

கயிற்றோடு நின்றேன். நாகு என் சட்டைப் பையை மணந்து பார்த்தது. அதில் களவெட்டிக் கொப்பி இருந்தது. நான் அவசரமாகக் கொப்பியை எடுத்து மறு கையில் பிடித்துக்கொண்டு, ஆத்திரத்தோடு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

சுவரோடு அலுமாரி நின்றது.

அதே அலுமாரி. முதிரைப் பலகை, இரண்டு கண்ணாடி, ஐந்து தட்டு. கையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். மேல் தட்டில் அவளுடைய கூறைச்சேலை. அடுத்ததில் சம்பலுக்கு இடித்து வைத்த மிளகாய்த்தூள் போத்தல்கள். அதற்குக் கீழே தயிர்ச்சட்டிகள், துணி கட்டி, வரிசையாக. கண்ணாடிக்குப் பின்னால் தயிர் அவ்வளவு வடிவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இது எப்பிடி வந்தது?"

"மஹ்றூப் நானான்ர வண்டியில."

"நாகு இஞ்ச நிக்குது. அவையளுக்கு என்ன குடுத்தனீ?"

"நான் போய் விமலேஸ்வரி அக்காவோட கதைச்சனான். அவா மாட்டைக் கட்டிக்கொண்டு லொறியில போக மனமில்லை எண்டவா. மாமிக்கு ஊரிலேயே ஒரு மாடு பாக்கலாமாம். அவா ஆசைப்பட்டது வேற ஒண்டுக்கு. அவாவிட்ட கதை துண்டுதுண்டாத்தானே இருந்தது."

கதை கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். சணல்கயிறு மட்டும் கிடந்தது.

"முழுக்கதையுமோ?"

"முழுக்கத்தான். பாதிக்கதை குடுத்தால் பாவமெல்லோ. நாகு திண்ட அத்தியாயத்துக்கு நீங்கள் எழுதின தாளையும் வைச்சுக் குடுத்தனான். கையெழுத்து வடிவெண்டு சொன்னவா."

"சிவனேசு, அது பத்து மாட்டுக்குச் சமம் எண்டு உனக்குச் சொன்னனானெல்லோ?"

"ஓம், சொன்னனீங்கள். ஒரு மாட்டைக் கேட்ட இடத்தில பத்து மாடு குடுத்தது நாங்கள்தான். கிளாக்கர் ஐயாவுக்கு உங்களில சரியான மரியாதை."

நான் கதிரையில் இருந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். வெள்ளமா என்று கேட்டாள். அதற்கும் நான் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு என்ன குறை?" என்றாள். "சொல் எல்லாம் உங்கட கொப்பியில இருக்குத்தானே. கொப்பிக்கு அடித்தட்டு விட்டிருக்கிறன்."

எனக்கு ஒரு விசயம் நினைவு வந்தது. நேற்று வெள்ளி. கடைசி அத்தியாயம் வந்திருக்கும்.

வந்ததாம். விமலேஸ்வரி ஸ்டேசனில் வாங்கி, சாமான் பெட்டிகளுக்கு மேல் இருந்து உரக்க வாசித்தாவாம். சிவனேஸ்வரி பக்கத்தில் இருந்து கேட்டாளாம். பிறகு அதையும் கட்டோடு சேர்த்துக் கட்டி லொறியில் வைத்தார்களாம்.

இரண்டு வருடம், தொண்ணூற்றாறு அத்தியாயம். முதலில் இருந்து படித்தவன் நான். முடிவு தெரிந்தவள் அவள்.

"முடிவு என்ன?"

"நாகு கண்டு போடட்டும். சொல்லுறன்."

கெஞ்சினேன். இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். அவளுக்கு அது வசதியாகப் போய்விட்டது. கடைசியில் காத்திருந்தேன். அந்த வருடம் ஆவணியில் நாகு ஒரு நாம்பன் கன்று போட்டது. கடும்புப் பால் காய்ச்சி எனக்கு ஒரு கோப்பை தந்துவிட்டு, குசினி வாசலில் இருந்து அவள் முடிவைச் சொன்னாள்.

சிற்றரசன் தன் ஊருக்குத் திரும்பினானாம். யானை ஆசை விட்டுப்போனதாம். தன்னுடைய ஓலைச்சுவடி எல்லாவற்றையும் கட்டித் தானம் கொடுத்துவிட்டு, ராணி அனுப்பிய ஒரு சிவப்புப் பசுவை விடியவும் பொழுதுபடவும் தானே மேய்த்துக்கொண்டு, நெடுநாள் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்தானாம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரசனாகப் பிறந்தவன் கயிற்றைப் பிடித்து நடந்திருக்கிறான். நான் யார்? கொப்பியை எடுத்து, துறவு என்று ஒரு சொல்லை எழுதினேன். அடுத்த நாள் விடியக் கயிற்றை நானே எடுத்தேன். அவள் அலுமாரியைத் திறந்து தயிர்ச்சட்டியை எடுத்தாள். ஊரில் யாராவது கதையின் முடிவைப் பற்றி வேறு மாதிரிச் சொன்னால் நான் விடுவதில்லை. நீ அரைகுறையாக வாசித்திருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்லுவேன்.

அறுபத்தேழில் அவள் கண்ணை மூடிவிட்டாள். அதற்கு அடுத்த வருடம் ஒரு அலுவலாக வவுனியாவுக்குப் போனபோது அங்கே ஒரு வாசிகசாலையில் அந்தக் கதை தடித்த புத்தகமாக இருந்தது. நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். சிற்றரசன் போர்க்களத்தில் செத்துப்போகிறான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கதிரையை இழுத்துப் போட்டு, முதலில் இருந்து கடைசிவரை புரட்டினேன். தொண்ணூற்றாறு அத்தியாயத்திலும் ஒரு பசு இல்லை.

அந்த முடிவை நம்பித்தான் பத்து வருடம் நான் அவளுடைய மாட்டை மேய்த்தேன்.